ஆயிரம் ரூபாய் வெர்னியரும் பதிமூன்று மைக்ரானும்: திரும்பி வந்த ஒரு லாட்டின் கதை

விலை குறைந்த அளவுக் கருவிகளை நம்பி பட்டறை நடத்தலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் ரெடியாகக் கிடைக்கும். "சைனா சரக்கு, தூக்கிப் போடு" என்பது ஒன்று. "நான் அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது இன்னொன்று. எந்த அளவை எத்தனை மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிடிக்க வேண்டியிருந்தது என்ற விவரம் இரண்டிலுமே இருக்காது, அது இல்லாமல் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. அதனால் பொதுவாகப் பேசாமல், கோவையில் ஒரு நண்பரின் லேத் பட்டறையில் நடந்த விவகாரத்தை அப்படியே எழுதுகிறேன். நான் டூல் ரூம், இன்ஸ்பெக்ஷன் பக்கம் வேலை பார்ப்பவன். சரக்கு திரும்பி வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வேலை என்னவென்றால் பம்ப் ஷாஃப்ட். கோவையில் இது ஒன்றும் புதுசில்லை, ஊரில் பாதிப் பட்டறை ஏதோ ஒரு விதத்தில் பம்ப்பை நம்பித்தான் ஓடுகிறது. ஈ.என்.8 ரக ஸ்டீல் கம்பி, சி.என்.சி. லேத்தில் ஃபினிஷ் டர்னிங், கிரைண்டிங் கிடையாது. பேரிங் 6205, அதாவது உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு டிராயிங்கில் 25 கே6 என்று போட்டிருந்தது. 25 மி.மீ.க்குக் கே6 என்றால் 25.002 முதல் 25.015 வரை, மொத்தமே 13 மைக்ரான் இடம். மற்ற அளவுகளெல்லாம் தாராளம்: சீல் உட்காரும் இடம் எச்11, அது 130 மைக்ரான், நீளங்கள் பொது டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம்), அதாவது ப்ளஸ் மைனஸ் 0.2, 0.3 என்று போகும்.

சரக்கு போனது. வாங்கியவர் இடத்தில் அசெம்பிளியில் சில ஷாஃப்டில் பேரிங் கையாலேயே வழுக்கி ஏறியது, சிலதில் பிரஸ் முக்கியது. இன்ஸ்பெக்ஷனில் கம்பேரட்டரில் (தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் 24.99 பக்கத்திலிருந்து 25.02 வரை சிதறிக் கிடந்தது. லாட் முழுவதும், அதாவது அனுப்பிய மொத்தச் சரக்கும், திரும்பியது. இங்கே டர்னர் பையனோ, "வெர்னியர்ல இருபத்தஞ்சு பாயிண்ட் ஜீரோ ஒண்ணுதானுங்கண்ணா காட்டுச்சு, ஒவ்வொண்ணும் பார்த்துத்தான் போட்டேன்" என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பார்த்திருக்கிறான், உண்மையிலேயே 25.01 காட்டியிருக்கிறது.

அந்த வெர்னியர், இணையத்தில் ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும் 150 மி.மீ. ஸ்டீல் டிஜிட்டல் வெர்னியர். நண்பர் உடனே எடுத்த முடிவு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல கம்பெனி வெர்னியர் ஒன்று வாங்கிவிடுவது. அங்கேதான் நிறுத்தச் சொன்னேன்.

வெர்னியர் தப்பா?

ஸ்லிப் பாக்ஸை (துல்லியமான அளவில் செய்த ஸ்டீல் கட்டைகள்) எடுத்துக்கொண்டு போய் முதலில் அந்த வெர்னியரைத்தான் சோதித்தேன். ஜாவை (பொருளைக் கவ்வும் தாடை) துடைத்து, மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது முதல் வேலை. சில மைக்ரான் இடைவெளி இருந்தால்கூட நடுவில் வெளிச்சக் கோடு தெரியும், இதற்குச் செலவே கிடையாது. லேசாக நுனியில் ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஸ்லிப் வைத்து 10, 25, 50, 100 என்று பார்த்தால் 25-இல் சில தடவை 25.00, சில தடவை 25.01. 100-இல் 100.02. இந்த ரகக் கருவிகளுக்கு 100 மி.மீ. வரை ப்ளஸ் மைனஸ் 0.02, அதற்கு மேல் 0.03 என்றுதான் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதாவது ஆயிரம் ரூபாய் வெர்னியர் தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

இப்போது நல்ல கம்பெனி என்று எல்லோரும் சொல்லும் மிட்டுடோயோவின் 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கேட்டலாகிலும் ப்ளஸ் மைனஸ் 0.02 என்றுதான் இருக்கும். விலை பல மடங்கு. நம் வேலைக்கு இருக்கும் மொத்த இடமே 0.013. இந்த இரண்டில் எதை வைத்து அளந்தாலும் கருவியின் அனுமதிக்கப்பட்ட பிழையே ஜாபின் (செய்யும் பொருளின்) டாலரன்ஸை முழுங்கிவிடுகிறது. என்னுடைய வெர்னியரை வைத்தும் அதே ஷாஃப்ட்களைப் பார்த்தேன். அதுவும் பெரும்பாலும் 25.00, 25.01 என்றுதான் காட்டியது, நல்ல ஷாஃப்டுக்கும் கெட்ட ஷாஃப்டுக்கும் வித்தியாசம் சொல்லவில்லை.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். டிஸ்ப்ளே 0.01 படிகளில் மாறுகிறது. 25.002-க்கும் 25.015-க்கும் நடுவே அது காட்டக்கூடிய எண் 25.01 ஒன்றே ஒன்றுதான், ஓரங்களில் 25.00-உம் 25.02-உம் எட்டிப் பார்க்கும். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நல்லது கெட்டது பிரிக்க முடியாது. கருவி நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் முடியாது.

வெர்னியர் கட்டமைப்பிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜெர்மனியின் யேனாவில் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் ஒரு விதியைச் சொன்னார்: அளக்கும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வெர்னியரில் ஸ்கேல் மேலே, ஜாப் கீழே. ஸ்லைடு 50 மி.மீ. நீளத்துக்குப் பிடித்திருக்கிறது, அதில் 0.02 ஆட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. கீழே இருக்கும் ஜா நுனியில் அது 0.012 ஆகிவிடும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஓர் அளவு, மெதுவாகப் பிடித்தால் இன்னோர் அளவு. ஜாபை ஜாவின் நுனியில் வைக்காமல் பீமுக்கு (ஸ்கேல் உள்ள தண்டு) பக்கத்தில் வைப்பது, மேலே இருக்கும் சின்ன ஜிப் ஸ்க்ரூக்களை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முடுக்குவது, இந்த இரண்டையும் செய்தாலே மலிவு வெர்னியர் பாதி நல்ல பிள்ளை ஆகிவிடும். நண்பரின் வெர்னியரில் அந்த ஸ்க்ரூக்கள் இரண்டும் லொடலொடவென்று இருந்தன. முடுக்கிய பிறகு திரும்பத் திரும்ப வைத்தாலும் ஒரே எண் வந்தது. ஆனாலும் 13 மைக்ரானுக்கு அது ஆகாது.

சிதறல் எங்கிருந்து வந்தது

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யம். அந்த சி.என்.சி. மெஷின் மோசமில்லை. தொட்டுப் பார்க்காமல் விட்டால், காலையில் சூடேறும் வரையான நகர்வைக் கழித்துவிட்டால், தொடர்ந்து வரும் ஜாபெல்லாம் சில மைக்ரானுக்குள்தான் இருக்கும். வெட்டும் முனையான இன்சர்ட் தேய்வது மெதுவாக ஒரே பக்கம் போகும் விஷயம். அப்படியிருக்க முப்பது மைக்ரான் சிதறல் எப்படி?

டர்னர் ஆஃப்செட் (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) போட்டதை வரிசையாகக் கேட்டேன். வெர்னியர் 25.02 காட்டினால் 0.01 குறைப்பான். அடுத்தது 25.00 காட்டும், 0.01 கூட்டுவான். ஜாப் மாறவே இல்லை, வெர்னியரின் தடுமாற்றம்தான் மாறிக்கொண்டிருந்தது. இவன் அந்தத் தடுமாற்றத்தை எடுத்து மெஷினுக்குள் ஊட்டிக்கொண்டிருந்தான். அதாவது அவன் ஒன்றையும் அளக்காமல், முதல் ஜாபை மட்டும் ஒழுங்காக செட் செய்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் லாட் இதைவிட நன்றாக வந்திருக்கும். கவனமாக வேலை செய்பவன்தான் இதில் அதிகம் மாட்டுவான், அதுதான் கொடுமை.

சரி, மைக்ரோமீட்டர் இல்லாத பட்டறையா? இருக்கிறது. 0–25 மி.மீ. அளப்பது. ஷாஃப்ட் 25-ஐத் தாண்டி 25.015 வரை போகிறது. 0–25 மைக்ரோமீட்டரின் ஸ்கேல் 25-இல் முடிந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் திறக்கும், சிலர் அப்படி வைத்தும் பார்ப்பார்கள், ஆனால் அது கருவி உறுதி சொல்லும் எல்லைக்கு வெளியே. 25–50 வாங்கவில்லை. "கால் மில்லிமீட்டர்கூட இல்லாத சமாசாரத்துக்கு இன்னொரு கருவியா" என்று விட்டிருக்கிறார்கள். கடைசியில் முழு விவகாரத்துக்கும் வேர் இந்த ஒரு இடம்தான். 24 மி.மீ. ஷாஃப்டாக இருந்திருந்தால் தானாகவே மைக்ரோமீட்டரைத் தேடிப் போயிருப்பார்கள்.

மலிவு மைக்ரோமீட்டர் தேறுமா

நண்பருக்குப் பணம் இறுக்கம், திரும்பிய லாட்டின் நஷ்டம் வேறு. அதனால் 25–50-இலும் விலை குறைந்த ஒன்றையே வாங்கினார், பெயர் தெரியாத கம்பெனி, டிஜிட்டல் இல்லாத சாதா ரகம், வெர்னியர் கோடு போட்டு 0.001 வரை படிக்கலாம். என்னைக் கேட்டால் மலிவில் வாங்குவதென்றால் டிஜிட்டலைவிட இதுவே மேல். திருகாணியின் பிட்ச் 0.5, திம்பிளில் (சுற்றும் உறை) 50 கோடு, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, கெட்டுப்போக ஒரு நல்ல திருகாணி தவிர வேறொன்றும் கிடையாது. திருகாணியைத் துல்லியமாக கிரைண்ட் செய்வது இன்று உலகத்தில் யாருக்கும் பெரிய ரகசியமில்லை.

சோதனைக்கு ஸ்லிப்பை 25, 30, 35 என்று முழு எண்ணாக வைத்தால் ஒரு தந்திரத்தில் ஏமாந்துவிடுவோம். முழு எண்களில் திம்பிள் எப்போதும் சுழியத்திலேயே வந்து நிற்கும், ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழை வெளியே வராது. அதனால்தான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று வினோதமான எண்களைக் காலிபிரேஷன் செய்பவர்கள் வைத்திருக்கிறார்கள். 25–50-க்கு அதோடு 25-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துப் பார்த்ததில் இந்த மைக்ரோமீட்டர் எங்கும் நாலு மைக்ரானைத் தாண்டவில்லை. நம் வேலைக்குத் தேவையான 25-இன் ஓரத்தில் பிழை அதைவிடக் குறைவு. ராட்செட் (அழுத்தத்தை அளவோடு நிறுத்தும் பிடி) மட்டும் கரடுமுரடாக இருந்தது, வேகமாகச் சுற்றினால் ஒன்றிரண்டு மைக்ரான் கூடக் கடிக்கிறது. மெதுவாக மூன்று க்ளிக், அதற்கு மேல் வேண்டாம் என்று பழக்கியாகிவிட்டது.

மாட்டியது வேறு இடத்தில். 25–50 மைக்ரோமீட்டரைச் சுழியம் வைக்க 25 மி.மீ. செட்டிங் ராட் ஒன்று பெட்டியிலேயே தருவார்கள். அந்த ராடை ஸ்லிப்போடு ஒப்பிட்டால் மூன்று மைக்ரான் குட்டை. பெரிசில்லை என்று தோன்றும். ஆனால் அந்த ராடை வைத்து 25.000 என்று செட் செய்தால், அதற்குப் பிறகு அளப்பதெல்லாம் மூன்று மைக்ரான் கூடுதலாகத்தான் காட்டும். 25.000 இருக்கும் ஷாஃப்ட் 25.003 ஆகத் தெரியும், அதாவது பாஸ். மலிவுக் கருவிகளில் கருவியைவிட அதோடு வரும் மாஸ்டரைத்தான் (ஒப்பிட வைக்கும் அளவுப் பொருள்) முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம். தனியாக ஒரே ஒரு 25 மி.மீ. ஸ்லிப் வாங்கினால் போதும். ஐ.எஸ்.ஓ. 3650-இன்படி கிரேடு 2 ஸ்லிப்பிலேயே 25 மி.மீ.க்கு அனுமதி 0.6 மைக்ரான்தான், கிரேடு 1 என்றால் 0.3. நமக்கு இது வேண்டிய மட்டும் போதும். முழு ஸ்லிப் பாக்ஸ் வாங்கிப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

ஸ்லிப்பும் இல்லையென்றால்? பேரிங்கே இருக்கிறது. நல்ல டீலரிடம் வாங்கிய சாதா ரக 6205-இன் வெளிவிட்டம் 52.000-க்கும் 51.987-க்கும் நடுவே, உள்விட்டம் 25.000-க்கும் 24.990-க்கும் நடுவே இருக்கும், அது அந்த ரகத்தின் டாலரன்ஸ். வெர்னியரைச் சோதிக்க இதைவிட மலிவான மாஸ்டர் கிடையாது. மைக்ரோமீட்டரைச் சோதிக்க இது போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். போலி பேரிங்கும் சந்தையில் உண்டு, டப்பாவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மைக்ரோமீட்டருக்கு வந்ததும் இதுவரை கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயம் தலை நீட்டியது. சூடு. அளவுகளெல்லாம் 20 டிகிரிக்குத்தான் என்பது உலக வழக்கம். ஏப்ரல் மாதப் பட்டறையில் 20 டிகிரி என்பது கனவு, ஆனால் அது பெரிய பிரச்சினையில்லை, கருவியும் ஸ்டீல், ஜாபும் ஸ்டீல், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் சேர்ந்தே விரியும். பிரச்சினை, சக்கிலிருந்து கழற்றிய ஜாப். அது 45 டிகிரி, மைக்ரோமீட்டர் 30 டிகிரி என்றால், ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும் கணக்கில், 25 மி.மீ.க்கு நாலு மைக்ரானுக்கு மேல். பதிமூன்றில் மூன்றில் ஒரு பங்கு இதிலேயே போயிற்று. சூடாக அளந்து 25.004 என்று பாஸ் செய்தது, ஆறினதும் 25.000 ஆகி ரிஜெக்ட். வெர்னியர் காலத்தில் இந்த நாலு மைக்ரான் தெரிந்திருக்கவே வழியில்லை. இப்போது ஜாபைக் கழற்றி, பெரிய இரும்பு பிளேட் மேல் வரிசையாக வைத்து, கை பொறுக்கும் சூடெல்லாம் போய் பிளேட்டின் சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்கிறார்கள். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டியிருக்கிறார்கள்.

இதற்கு மேல் ஒரு வேலை செய்தோம், பலன் தந்ததில் அதுதான் முதலிடம். நன்றாக வந்த ஒரு ஷாஃப்டை எடுத்து, என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுத்து அளவு எழுதி வாங்கி, அதை மாஸ்டராக மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டோம். ஜாபை அளக்கும் முன் மாஸ்டரை ஒரு தடவை. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்பது மட்டும்தான் கேள்வி. மலிவுக் கருவிகள் முழு நீளத்தைச் சொல்வதில் தடுமாறும், ஆனால் பக்கத்தில் இருக்கும் ஒன்றோடு ஒப்பிட்டு இது ஐந்து மைக்ரான் பெரிசு, இது மூன்று சிறிசு என்று சொல்வதில் ஆச்சரியமாகச் சரியாக இருக்கும். திருகாணி நகர்வது சில மைக்ரான் மட்டும், அதற்குள் பிழை சேர இடமே இல்லை. மாஸ்டரும் அதே ஸ்டீல், அதே வடிவம், அதே சூடு என்பதால் வெயில், கை அழுத்தம் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி வந்து கழிந்துவிடும்.

மாதம் ஆயிரக்கணக்கில் ஓடும் ஐட்டமாக ஆனால் மைக்ரோமீட்டரையே விட்டுவிட்டு ஒரு கோ – நோ கோ ஸ்னாப் கேஜ் (ஒரு வாய் ஜாபில் ஏற வேண்டும், மற்றது ஏறக் கூடாது) செய்து வாங்குவதுதான் சரி. கோவையிலேயே செய்து தருவார்கள். டர்னர் எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

அப்படியானால் அந்த வெர்னியர்?

அதே வெர்னியர் இன்னமும் அங்கேதான் இருக்கிறது, தினமும் ஓடுகிறது. ஷாஃப்டின் நீளம், ஸ்டெப், சீல் இடம், கம்பி வெட்டும் அளவு, எல்லாம் அதில்தான். 130 மைக்ரான் டாலரன்ஸுக்கு 20 மைக்ரான் பிழை உள்ள கருவி தாராளமாகச் செல்லும், ப்ளஸ் மைனஸ் 0.3-க்குக் கேட்கவே வேண்டாம். கருவியின் பிழை டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி, நாலில் ஒரு பங்கு என்றால் சமாளிக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு சாதாரண டிராயிங்கில் பெரும்பாலான அளவுகளுக்கு ஆயிரம் ரூபாய் வெர்னியர் போதும். போதாத ஒன்றிரண்டு அளவுகள்தான் லாட்டைத் திருப்பி அனுப்பும்.

விலை கூடிய வெர்னியருக்குக் கொடுக்கும் பணம் வீணா என்றால் இல்லை. ஸ்லைடின் வழுக்கல், பல வருஷம் போனாலும் ஆட்டம் வராத தன்மை, ஆன் செய்தவுடன் சுழியம் மறக்காத தன்மை, பேட்டரி ஆயுள், இதற்குத்தான் அந்தப் பணம். மலிவு டிஜிட்டலில் ஆஃப் பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே மட்டும்தான் அணையும், உள்ளே சென்சார் சுழியத்தை நினைவில் வைத்துக்கொள்ள விழித்தே இருக்கும், பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். எல்.ஆர்.44-க்குப் பதில் எஸ்.ஆர்.44 போட்டால் மின்னழுத்தம் கடைசி வரை நிலையாக நிற்கும், அது கொஞ்சம் மேல். கூலண்ட் ஸ்கேலுக்குள் போனால் எண்கள் தன்னிச்சையாக ஓடும், துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகும். முந்நூறு ரூபாய் ப்ளாஸ்டிக் வெர்னியரை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம், அது மரவேலைக்கும் 3டி பிரிண்டிங்குக்கும் சரி.

வெர்னியரின் மேல் ஜாவால் துளை அளப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்த ஜாக்களின் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்காது, சின்னத் தட்டை இருக்கும், அதனால் துளையின் முழு விட்டத்தைத் தொடாமல் கொஞ்சம் தள்ளித் தொடும். தட்டையும் இடைவெளியும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் என்றால் 5 மி.மீ. துளையை 4.975 என்று காட்டும். 52 மி.மீ. துளையில் அதே தட்டை இரண்டு, மூன்று மைக்ரானுக்கு மேல் தப்பு செய்யாது. சின்னத் துளைக்கு பிளக் கேஜ் அல்லது ட்ரில் பிட்டின் தண்டு.

பெட்டியோடு வரும் "இன்ஸ்பெக்ஷன் சர்டிஃபிகேட்" பற்றியும் கேட்டார்கள். ஒரு கையெழுத்தும் ஓகே முத்திரையும் மட்டும் இருந்தால் அது காலிபிரேஷன் இல்லை. கருவியின் சீரியல் எண், எந்தெந்த அளவில் எவ்வளவு பிழை, அந்த அளவீட்டின் நிச்சயமின்மை எவ்வளவு, இவை இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற லேபில் மைக்ரோமீட்டர் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. மலிவுக் கருவி வாங்கி மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்துவிட்டால், பெயர் தெரியாத மைக்ரோமீட்டருக்கும் ஒரு ஜாதகம் கிடைத்துவிடும். பெரிய பெயர் போட்ட போலிக் கருவிகளும் இணையத்தில் உலவுவதால், அந்தப் பெயரை நம்பி இதைத் தவிர்க்கவும் முடியாது.

திரும்பிய லாட்டில் பெரிசாக இருந்தவற்றை லேசாகத் தேய்த்து மீட்டோம், சிறிசானவை போனது போனதுதான். அடுத்த லாட் மாஸ்டர் ஷாஃப்டோடு ஒப்பிட்டு ஓட்டியது, முழுவதும் பாஸ். இப்போது அதே வாடிக்கையாளர் எண்ட் கவரையும் கொடுக்கப் பார்க்கிறார், அதில் பேரிங் உட்காரும் 52 எச்7 துளை. 52.000 முதல் 52.030 வரை, முப்பது மைக்ரான். மலிவு போர் டயல் (துளையின் விட்டம் பார்க்கும் கருவி) ஒன்று வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். வாங்கலாம், அதுவும் ஒப்பிடும் கருவிதான். ஆனால் அதை 52-க்கு செட் செய்ய இன்னொரு மலிவு 50–75 மைக்ரோமீட்டரைப் பயன்படுத்தினால் அதன் பிழையும் இதில் வந்து ஏறிக்கொள்ளும், கவர் வார்ப்பிரும்பா அலுமினியமா என்பதையும் முதலில் கேட்க வேண்டும், அலுமினியம் ஸ்டீலைப் போல இரு மடங்கு விரியும். போர் டயலை நேராக செட் செய்ய 52 மி.மீ. செட்டிங் ரிங் ஒன்றுக்கு விலை கேட்டிருக்கிறோம்.